பனிக்காலத்தில் கேரவனைச் சூடாக வைப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

வெளியே மைனஸ் 10 டிகிரி. உள்ளே ஒரு மின்சார ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடி அறையை 20 டிகிரியில் வைத்திருக்கிறது. எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள். காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. பம்ப் மட்டும் உறுமுகிறது. முதல் பனிக்காலத்துக்கு வண்டியோடு கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

குளிருக்கென்று செய்த பல கேரவன்களில் கேஸ் ஃபர்னஸின் (வண்டியிலேயே பொருத்திய, கேஸில் எரியும் ஹீட்டர்) சூடான காற்று அறைக்குள் மட்டும் போவதில்லை. அதில் ஒரு பங்கு தரைக்கு அடியில், டேங்கும் குழாய்களும் இருக்கும் இடைவெளிக்குப் போகிறது. மின்சார ஹீட்டர் அறையைச் சூடாக்கிவிட்டதால், அறை வெப்பத்தைப் பார்த்து ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை ஓடவே விடவில்லை. மேலே ஆட்கள் கதகதப்பாக இருந்தார்கள், கீழே குழாய் உறைந்துவிட்டது.

எந்த ஹீட்டர் வாங்கலாம் என்பதுதான் புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியது, சூடு எங்கே போக வேண்டும், எங்கே வீணாகப் போகிறது என்பது. அங்கிருந்தே தொடங்குவோம்.

எவ்வளவு சூடு வேண்டும்?

6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து வெளிப்பரப்பு 59 சதுர மீட்டர். அதில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் 4 சதுர மீட்டர் என்று வைப்போம். சுவரில் 25 மில்லிமீட்டர் ஃபோம் இருந்தால் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 1.3 வாட் வெளியே போகும். ஒற்றைக் கண்ணாடியில் அதே கணக்கு 5.7 வாட். மணிக்கு ஒரு முறை உள்காற்று முழுவதும் மாறினால் அதற்கு இன்னும் ஒரு 9 வாட். கூட்டினால் டிகிரிக்கு 103 வாட். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. ஆக, சுமார் 3,100 வாட் ஓயாமல் வேண்டும்.

இந்தக் கணக்கில் கண்ணாடியைக் கவனியுங்கள். பரப்பில் அது 7 சதவீதம்தான். வெளியேறும் சூட்டில் 22 சதவீதம் அதன் வழியாகப் போகிறது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல ஹீட்டரை ஓட்டிப் பயனில்லை. முதலில் ஜன்னலை மூடுங்கள்.

காற்று புகும் பழைய வண்டி என்றால் மேலே சொன்ன அளவு இரண்டு மடங்குகூட ஆகலாம். உங்கள் வண்டியின் அளவைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பத்து நிமிடம் ஆகாது. ஹீட்டர் விற்பவர் சொல்லும் எண்ணைவிட இது நம்பகமானது.

அடைக்க வேண்டிய இடங்கள்

ஜன்னல் அளவுக்கு வெட்டிய ஃபோம் பலகையோ, பல அடுக்கு வெப்பத்தடைத் திரையோ போதும். கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே ஓரத்தில் சந்து இருந்தால் அறையின் ஈரக்காற்று அங்கே போய்க் குளிர்ந்து தண்ணீராக வழியும். ஆகவே ஓரங்கள் இறுக்கமாக இருக்க வேண்டும். மோட்டார்ஹோம் (எஞ்சினும் டிரைவர் சீட்டும் சேர்ந்தே உள்ள வண்டி) என்றால் டிரைவர் பகுதிதான் பெரிய ஓட்டை. முன் கண்ணாடி, இரண்டு கதவுகள், பெடல் பக்கத்துத் தகடு, எல்லாமே வெறும் உலோகமும் கண்ணாடியும். சீட்டுக்குப் பின்னால் கூரையிலிருந்து தரைவரை கனமான திரை ஒன்றைத் தொங்கவிட்டால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். கூரை ஜன்னல்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குள் ஃபோம் மெத்தை அடையுங்கள். அந்த ஒன்றை ஏன் விட வேண்டும் என்பதை ஈரத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறோம்.

ஒரே இடத்தில் பல நாள் நிற்பதாக இருந்தால், வண்டியின் அடிப்பகுதிக்கும் நிலத்துக்கும் இடையே சுற்றிலும் மறைப்புக் கட்டுவது நல்ல பலன் தரும். 25 அல்லது 50 மில்லிமீட்டர் ஃபோம் பலகை இதற்குப் போதும். குளிர்காற்று அடியில் வீசிப் போவது நின்றாலே குழாய்களுக்குப் பாதி பாதுகாப்பு. ஒரு எச்சரிக்கை: எந்த ஹீட்டரின் புகைக்குழாயும் இந்த மறைப்புக்கு உள்ளே முடியக் கூடாது. புகை அடியில் தேங்கி, தரையில் உள்ள சந்துகள் வழியாகப் படுக்கை அறைக்கே ஏறி வரும்.

கேஸ் ஃபர்னஸ்

பெரும்பாலான வண்டிகளில் ஏற்கெனவே இருப்பது இதுதான், குளிர்காலத்துக்கு நாங்கள் முதலில் சொல்வதும் இதைத்தான். எரியும் அறை வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடுகிறது. அறைக்காற்று அதன் தகட்டின் மறுபக்கம் உரசிச் சூடாகி டக்ட் (காற்றுக்குழாய்) வழியாக ஓடுகிறது. புகையும் மூச்சுக்காற்றும் கலப்பதே இல்லை.

சிலிண்டரில் என்ன கேஸ் என்று பாருங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியில். அதாவது வெளியே தண்ணீர் உறையும் குளிர் வந்தாலே பியூட்டேன் சிலிண்டருக்குள் திரவமாகப் படுத்துவிடும். சிலிண்டர் கனமாக இருக்கும், அடுப்பு எரியாது. பனிக்காலத்துக்குச் சுத்தமான புரொப்பேன்தான்.

மேலே போட்ட 3,100 வாட் கணக்கில் மணிக்கு சுமார் 300 கிராம் புரொப்பேன் எரியும். 9 கிலோ சிலிண்டர் ஒன்று ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். அதனால் எப்போதும் இரண்டு வேண்டும். ஒன்று தீர்ந்தால் தானாக அடுத்ததற்கு மாறும் ரெகுலேட்டர் இருந்தால் அதிகாலை 3 மணிக்கு எழுந்து வெளியே போக வேண்டியிராது.

முதல் முறை ஃபர்னஸை ஓட்டும்போது இப்படிச் செய்யுங்கள்:

1. வெளிச்சுவரில் உள்ள புகைத்துளையில் பனி, இலை, பூச்சிக்கூடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.
2. சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் மூடிவிட்டு இணைப்பைச் சரிசெய்யுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.
3. கேஸ் அடுப்பின் ஒரு பர்னரைப் பற்றவைத்து, சுடர் நிலையாக எரியும்வரை விட்டு அணையுங்கள். குழாயில் இருந்த காற்று வெளியேறிவிடும். இதைச் செய்யாவிட்டால் ஃபர்னஸ் முதல் சில முயற்சிகளில் பற்றாது.
4. தெர்மோஸ்டாட்டை அறையின் வெப்பத்தைவிட 5 டிகிரி கூட்டி வையுங்கள்.

பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி) மட்டும் சுற்றும். பழைய கேஸ் ஏதும் தேங்கியிருந்தால் அதைத் தள்ளுவதற்காக 15 விநாடி போல வெறுமனே ஓடும். அடுத்து டக் டக் டக் என்று தீப்பொறிச் சத்தம். உடனே 'பொஃப்' என்று பற்றி, ஒரே சீரான இரைச்சல் கேட்கும். அரை நிமிடத்தில் டக்ட் வாயில் சூடு தெரியும்.

ப்ளோயர் சுற்றுகிறது, தீப்பொறிச் சத்தமே வரவில்லை, குளிர்காற்றுதான் வீசுகிறது என்றால் கேஸைக் குற்றம் சொல்லாதீர்கள். ப்ளோயரின் காற்றோட்டப் பாதையில் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. காற்று போதிய வேகத்தில் மோதினால்தான் அது சாய்ந்து ஒரு சுவிட்சை அழுத்தும். அழுத்தினால்தான் கேஸ் வால்வு திறக்கும். பேட்டரி 11 வோல்ட் பக்கம் இறங்கிவிட்டால் ப்ளோயர் சுற்றும், ஆனால் அந்தத் தகட்டைச் சாய்க்கும் வேகம் இருக்காது. நாய் முடியும் தூசியும் சிக்கினாலும், டக்ட் வாயில் யாராவது ஈரச் சாக்ஸ் காயவைத்தாலும் இதே கதைதான். முதலில் வோல்ட்மீட்டரை எடுங்கள்.

தீப்பொறிச் சத்தம் வருகிறது, பற்றவில்லை என்றால் அது கேஸ் பக்கத்துப் பிரச்சினை: காலி சிலிண்டர், பாதி திறந்த வால்வு, அல்லது ரெகுலேட்டருக்குள் ஈரம் உறைந்தது. பல ஃபர்னஸ்கள் மூன்று முறை முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்துப் போட்டால் மறுபடி முயலும். சிலிண்டரை நெருப்பாலோ, அதற்கென்று செய்யாத எந்தச் சூட்டுப் போர்வையாலோ சூடாக்க வேண்டாம்.

பேட்டரிக் கணக்கு

ஃபர்னஸ் ப்ளோயர் ஓடும்போது 12 வோல்டில் 8 ஆம்ப் அளவுக்கு இழுக்கும். 10 மணி நேர ராத்திரியில் பாதி நேரம் ஓடினால் 40 ஆம்ப்-அவர். 100 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. கடுங்குளிரில் அதன் கொள்ளளவே குறைந்துவிடும், மைனஸ் 18 டிகிரியில் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். ஆக, ஒரு பேட்டரி ஒரு ராத்திரிக்கே தாங்காது. இரண்டு போடுங்கள், முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். காலியான லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறைந்து வெடிப்பு விடும். நிறைந்த பேட்டரி அந்தக் குளிரைக் கண்டுகொள்ளாது.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதை வெளிப்பெட்டியில் வைக்காமல் சூடான அறைக்குள் வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெட்டுப்போகும். நல்ல பேட்டரிகளில் உள்ள பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜைத் தானே நிறுத்திவிடும். சோலார் பேனல் மேல் வெயில் அடித்தும் சார்ஜ் ஏறவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் பேட்டரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் போட்டு 1,500 வாட் மின்சார ஹீட்டரை ஓட்டலாமா என்று கேட்காத புதியவர் இல்லை. அது 12 வோல்ட் பக்கத்தில் 130 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி 45 நிமிடத்தில் காலி. வேண்டாம்.

டீசல் ஹீட்டர்

நீண்ட பயணங்களுக்கும், மின்இணைப்பு இல்லாத இடங்களில் பல நாள் தங்குவதற்கும் இது அருமையான கருவி. 2 கிலோவாட், 5 கிலோவாட் என்று இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. பெரியது வாங்கினால் நல்லது என்று நினைப்பது இங்கே தவறு. சின்ன வண்டியில் 5 கிலோவாட் ஹீட்டர் எப்போதும் குறைந்த அளவிலேயே ஓடும். குறைந்த அளவில் டீசல் முழுதாக எரியாமல் கரி படியும்; சில வாரங்களில் வெள்ளைப் புகையும் பற்றாமல் போவதும் தொடங்கும். எதை வைத்திருந்தாலும் நாளுக்கு ஒரு முறை 20, 30 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டிக் கரியை எரித்துவிடுங்கள். 1,500 மீட்டருக்கு மேலே காற்று மெலிந்திருப்பதால், உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கத் தெரியாத ஹீட்டரில் கரி இன்னும் வேகமாகச் சேரும்.

பொருத்தும்போது பலர் தவறவிடுவது டீசல் பம்ப்பின் சாய்வு. வெளியேறும் முனை மேலே பார்க்க, 15 முதல் 35 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். படுக்கையாக வைத்தால் காற்றுக்குமிழி உள்ளே தங்கி, டிக் டிக் சத்தம் வரும்போதே சுடர் அணையும். புகைக்குழாய் வெளிநோக்கிச் சரிந்து இறங்க வேண்டும், நடுவில் தொங்கல் இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி உறையும். சைலன்சரை வண்டிக்குள் வைக்கவே கூடாது. மலிவானவற்றின் மடிப்புகள் கசியும். காற்று உள்ளே இழுக்கும் குழாயும் புகைக்குழாயும் வெவ்வேறு பக்கம் பார்க்கட்டும்.

பற்றும் நேரத்தில், டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக் சில நிமிடங்கள் 8 முதல் 10 ஆம்ப் இழுக்கும். பிறகு ஒன்றிரண்டு ஆம்ப்தான். மெல்லிய கம்பி போட்டிருந்தால் அந்தச் சில நிமிடங்களில் வோல்டேஜ் சரிந்து ஹீட்டர் பிழை காட்டும். அணைக்கும்போது சுவிட்சை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். உள்ளே ஃபேன் சில நிமிடம் ஓடிச் சூட்டை வெளியேற்றும். மெயின் சுவிட்சைப் பிடுங்கினால் அந்தச் சூடு பிளாஸ்டிக்கையும் சர்க்யூட்டையும் உருக்கிவிடும்.

கோடை டீசலோடு குளிர்ப் பிரதேசத்துக்குப் போகாதீர்கள். அதில் உள்ள மெழுகு குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். போய்ச் சேருமுன் அந்த ஊரின் குளிர்கால டீசலை நிரப்பி, அது குழாய்க்குள் வரும் அளவுக்கு எஞ்சினையும் ஹீட்டரையும் ஓட்டிவிடுங்கள்.

மின்சார ஹீட்டரும், எடுத்துச்செல்லும் கேஸ் ஹீட்டரும்

முகாமில் மின்இணைப்பு இருந்தால் மின்சார ஹீட்டர் கேஸை மிச்சப்படுத்தும், சத்தமும் இல்லை. அறையை 15, 16 டிகிரிவரை அது பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் ஃபர்னஸ் ஏற்றட்டும். அப்போதுதான் தரைக்கு அடியிலும் சூடு போகும். வயர் சுருட்டிய டிரம் என்றால் முழுதாகப் பிரித்துவிடுங்கள். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். ஓடத் தொடங்கி அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஆக்ஸிஜனைத் தின்கிறது. 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 லிட்டர் தண்ணீரை ஆவியாக அறைக்குள்ளேயே விடுகிறது. ஜன்னலைச் சற்றுத் திறந்து, விழித்திருக்கும்போது மட்டும். சமையல் அடுப்பை அறைச்சூட்டுக்கு எரிக்கவே கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று காய்ச்சல்போலத்தான் தொடங்கும். வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் உடனே வெளியே வாருங்கள், காரணம் பிறகு தேடலாம். அதற்கான அலாரம் படுக்கைக்குப் பக்கத்தில், மூச்சு விடும் உயரத்தில் இருக்கட்டும். கேஸ் கசிவு அலாரம் தரையோரம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கீழேதான் தேங்கும். இரண்டின் பின்பக்கத்திலும் மாற்ற வேண்டிய தேதி அச்சிட்டிருக்கும். தேதி தாண்டியது பச்சை விளக்கு காட்டினாலும் நம்ப வேண்டாம். பனி பொழிந்த ஒவ்வொரு காலையிலும் புகைத்துளைகளைச் சுற்றித் தோண்டிவிடுங்கள்.

ஈரம்

இருவர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஒரே ராத்திரியில் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் சேரும். அது குளிர்ந்த இடம் தேடிப் போய்ப் படியும். கண்ணாடியில் படிவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். மெத்தையின் அடியில் படிவதுதான் ஆபத்து. ஒரு காலை மெத்தையின் மூலையைத் தூக்கிப் பலகையைத் தடவிப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால் இன்னும் இரண்டு வாரத்தில் கரும்பூஞ்சை. மெத்தைக்கு அடியில் காற்று ஓட மரச்சட்டமோ வலைப்பின்னல் விரிப்போ போடுங்கள்.

கூரை ஜன்னல் ஒன்றை அடைக்காமல் விடச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு விரல் அகலம் அது திறந்தே இருக்கட்டும். கொஞ்சம் சூடு போகும், பரவாயில்லை. வறண்ட காற்றைச் சூடாக்குவதும் எளிது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். சமைக்கும்போது பாத்திரத்துக்கு மூடி போடுங்கள், ஈரத் துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

தண்ணீர்

தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். வளையும் குழாய் அதைச் சில முறை தாங்கிக்கொள்ளும். உடைவது பிளாஸ்டிக் இணைப்புகள், பம்ப்பின் தலை, ஃபில்டர் கிண்ணம், கழிவறை வால்வு. வெளிப்புறக் குளியல் குழாய் இருக்கிற வண்டிகளில் அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சின்னக் கதவுக்குப் பின்னால், எந்தச் சூடும் எட்டாத இடத்தில் அது இருக்கிறது. வண்டிக்குள் அதற்கென்று வால்வு இருந்தால் மூடிவிட்டு வடித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குள் ஃபோம் அடையுங்கள்.

வெளியிலிருந்து ஹோஸ் போட்டு வைத்திருக்காமல், பகலில் டேங்கை நிரப்பி ஹோஸை வடித்துச் சுருட்டி உள்ளே வையுங்கள். ராத்திரிக்குப் பம்ப் போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து விட்டால் அறைச்சூடு குழாய்வரை போகும். கழிவுநீர் வால்வை மூடியே வைத்து, டேங்க் முக்கால் நிறைந்ததும் ஒரே வீச்சில் வடியுங்கள். திறந்தே விட்டால் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் ஹோஸுக்குள் உறைந்து கட்டையாகிவிடும். கழிவு டேங்கில் ஒன்றிரண்டு லிட்டர் புரொப்பிலீன் கிளைக்கால் (தண்ணீரை உறையாமல் காக்கும் திரவம்) ஊற்றி வைக்கலாம். கார் ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு காலையில் தண்ணீர் வரவில்லை என்றால், பம்ப்பை உடனே அணையுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து வையுங்கள், உருகும் தண்ணீருக்கும் ஆவிக்கும் வழி வேண்டும். ஃபர்னஸை உயர்த்தி, அலமாரிகளைத் திறந்து, குழாய் வாயிலிருந்து தொடங்கி உள்நோக்கி ஹேர் டிரையரை நகர்த்திக்கொண்டே போங்கள். நெருப்பு வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் குழாய்களை மூடிப் பம்ப்பைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கவனியுங்கள். யாரும் தண்ணீர் திறக்காதபோது பம்ப் சில நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடி நின்றால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. டார்ச்சோடு பம்ப்பின் தலை, ஃபில்டர் கிண்ணம், கழிவறையின் பின்பக்கம் என்ற வரிசையில் தடவிப் பாருங்கள்.